பத்தாவிலிருந்து பத்தாவுக்கு



வளைகுடாவில் பத்தா என்ற பெயரில் நம்மவர்களுக்குப் பழக்கமான இடங்கள் இரண்டு. அபுதாபியின் இ-11 நெடுஞ்சாலை குவைஃபாத்தில் முடிந்ததும் எதிரே வரும் சவூதி எல்லைச் சாவடி ஒன்று. ரியாத் நகரின் நடுவே, நம் ஊர்க்காரர்கள் விடுமுறை நாளில் கூடும் பழைய கடைத்தெரு இன்னொன்று. சரளைக்கல் பரவிய அகன்ற ஓடைப் படுகைக்கு அரபியில் இதுதான் பெயர். ரியாத் பத்தாவிலும் ஒரு காலத்தில் மழைநீர் ஓடிய ஓடை இருந்தது.

கடந்த டிசம்பர் விடுமுறையில் நம் சபையின் மூன்று குடும்பங்கள், குழந்தைகளோடு பதினொரு பேர், ஒரு காரவனிலும் ஒரு காரிலுமாக முதல் பத்தா வழியாக இரண்டாம் பத்தாவுக்குப் போய் வந்தோம். அபுதாபியிலிருந்து ஒரு வழிக்குச் சுமார் 850 கி.மீ. எங்களில் நான்கு பேர் நர்ஸ்கள்.

இந்த டிசம்பரில் வாலிபர் ஐக்கியமும் அதே வழியில் போகப்போகிறது என்று கேள்விப்பட்டோம். சந்தோஷம். ஆனால், "வெள்ளி காலை நைட் டூட்டி முடித்து நேரே வண்டியில் ஏறிவிடலாம், காரவனில்தான் படுக்கை இருக்கிறதே, ஒரு நாள் லீவு மிச்சம்" என்று ஒரு பேச்சும் காதில் விழுந்தது. எங்கள் பயணத்துக்கு முன்பும் இதே பேச்சு வந்தது. நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து மறுத்தோம். ஒரு நாள் லீவு போனது. டூட்டி முடித்தவர்கள் வெள்ளி பகலும் இரவும் தூங்கி எழுந்த பிறகு, சனிக்கிழமை காலையில்தான் சாவியைத் தொட்டார்கள்.

காரணத்தைச் சொல்லுமுன் காரவனைப் பற்றிக் கொஞ்சம். எங்களுடையது ஒரு குடும்பத்தின் சொந்த வண்டி. வேனுக்குள் மடக்குக் கட்டில், இரட்டை அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி. அரண்மனை மாதிரி காரவன் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அபுதாபிக்குத் தெற்கே பாலைவனத்தில் இருக்கும் எமிரேட்ஸ் நேஷனல் ஆட்டோ மியூசியத்தையும், அதை அமைத்த ஷேக் ஹமத் பின் ஹம்தான் அல் நஹ்யானையும் பற்றிப் படியுங்கள். அவருக்காக 1990இல் கட்டப்பட்ட காரவனுக்கு ஐந்து மாடி, 8 படுக்கையறை, 8 குளியலறை, 120 டன் எடை. கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. எங்கள் வண்டியில் இட்லிச் சட்டியை எங்கே வைப்பது என்பதற்கே அரைமணி நேர ஆலோசனை.

படுக்கை இருப்பதால் ஒரு சிக்கல் உண்டு. வண்டி ஓடும்போது குழந்தைகள் அதில் படுத்து விளையாடக் கேட்பார்கள். பெரியவர்கள் தேநீர் போட எழுந்திருப்பார்கள். அமீரகத்தில் 2017 முதல் பின்சீட்டில் இருப்பவரும் பெல்ட் போடவேண்டும், நான்கு வயதுக்குக் கீழான குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும். அபராதம் 400 திர்ஹம். அபராதத்தை விடுங்கள், திடீர் பிரேக்கில் கட்டிலிலிருந்து பறக்கும் குழந்தையை யார் பிடிப்பது? எங்கள் வண்டியில் சக்கரம் உருளும்போது கட்டில் மடங்கியே இருந்தது. "படுக்கை இருக்கிறதே" என்ற வாதம் இங்கேயே பாதி அடிபட்டுப் போகிறது.

சனிக்கிழமை விடிந்து வெயில் ஏறிய பிறகு கிளம்பினோம். டிசம்பரில் அபுதாபி சாலைகளில் அதிகாலைப் பனிமூட்டம் சாதாரணம். 2008 மார்ச்சில் கந்தூத் அருகே பனியில் 200க்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதியதைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இப்போது பனி இறங்கினால் மின்பலகையில் வேக வரம்பு 80 ஆகிவிடும்.

தாரிஃப், மிர்ஃபா, ருவைஸ் என்று கடற்கரையை ஒட்டியே போகும் சாலை இது. ஜெபல் தன்னாவிலிருந்து படகேறினால் சர் பனி யாஸ் தீவு. 1992இல் அங்கே ஒரு பழைய கிறிஸ்தவ மடத்தைத் தோண்டிக் கண்டுபிடித்தார்கள். கீழைத் திருச்சபையைச் சேர்ந்த துறவிகள் 7, 8ஆம் நூற்றாண்டுகளில் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள். இந்தக் கரையில் நமக்கு 1300 ஆண்டுகளுக்கு முன்பே ஆராதித்தவர்கள்! முன்பதிவு செய்து ஒருநாள் ஒதுக்கினால் பார்க்கலாம். எங்களுக்கு நாள் போதவில்லை.

அன்று மாலை சிலா அருகே தங்கினோம். இரவில் நல்ல குளிர். குளிர் வந்தால் கரி அடுப்பை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளத் தோன்றும். இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எரியும் கரியிலிருந்தும் ஜெனரேட்டர் புகையிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வருகிறது. நிறமில்லை, வாசனையில்லை. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். முதலில் லேசான தலைவலி, குமட்டல், அசதி. பயணக் களைப்பு என்று நினைத்துப் படுத்தவர் எழுந்திருப்பதில்லை. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரும் ஏமாற்றும், 98 என்றே காட்டும். அடுப்பும் ஜெனரேட்டரும் வெளியே, எட்டத்தில். தணல் தணிந்துவிட்டதே என்று உள்ளே கொண்டுவருவதும் கூடாது. உள்ளே ஒரு எச்சரிக்கை அலாரம் மாட்டிக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கம்பளி போதுமாக இருந்தது.

மறுநாள் காலை எல்லை. விசா, பாஸ்போர்ட், முல்கியாவின் அசல், வண்டி ஓட்டுபவர் பெயரில் இல்லாவிட்டால் உரிமையாளரின் அனுமதிக் கடிதம், சவூதிக்கான காப்பீடு என்று ஒரே கோப்பில் வைத்திருந்தோம். மசாலா டப்பாவை முந்தின வாரமே சோதித்தாயிற்று. கசகசா இரண்டு நாட்டிலும் தடை, குருமாவுக்கு அரைத்துவைத்த பொடியில் கலந்திருந்தாலும் வம்புதான். டிரமடால், கோடீன் கலந்த மாத்திரைகளும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. டாக்டர் சீட்டும் அனுமதியும் இல்லாமல் பையில் போடவேண்டாம். எங்களோடு வந்த அம்மா ஒருவருக்கு இன்சுலின் உண்டு. ஃபிரிட்ஜில் உறைபனிப் பகுதியை ஒட்டாமல் வைத்தோம், உறைந்த இன்சுலின் உதவாது. சவூதியில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போவதால் அன்றைய ஊசி நேரத்தையும் முன்பே கணக்குப் போட்டிருந்தோம்.

சாவடிக்கு இருபுறமும் டிரெய்லர்கள். இந்தியர், பாகிஸ்தானியர் பலர். வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தால் அடுப்பு, பாத்திரம், வெங்காயம், டீத்தூள் எல்லாம் உள்ளே. நாம் நான்கு நாள் ஆசையாகச் செய்வதை அவர்கள் வருஷக்கணக்கில் பிழைப்பாகச் செய்கிறார்கள். 2009 ஜூனில் இதே எல்லையில் ஆயிரக்கணக்கான லாரிகள் நாட்கணக்கில் வெயிலில் நின்றன. தூத்துக்குடிப் பக்கத்து அண்ணன் ஒருவர் எங்கள் பிள்ளைகளுக்கு டீ போட்டுக் கொடுத்தார். "ஹரத் ரோடா? தூக்கம் வந்தா வண்டிய நிறுத்திப்பிடணும் தம்பி, பாட்டு கீட்டு போட்டு ஏமாத்தக்கூடாது" என்றார். நாங்கள் வகுப்பில் படித்ததும் அதுதான்.

பத்தாவிலிருந்து ஹரத் வரை போகும் சாலை உலகத்திலேயே மிக நீளமான நேர்ச்சாலை. கின்னஸ் கணக்கில் 240 கி.மீ., 256 என்றும் சொல்வார்கள். அதற்கு முன் சாதனை வைத்திருந்த ஆஸ்திரேலியாவின் ஏர் நெடுஞ்சாலையில் நேர்ப்பகுதி 146 கி.மீ.தான். மன்னர் ஃபஹதுக்கான தனிச்சாலையாக முதலில் போடப்பட்டது என்கிறார்கள். ருபுல் காலி பாலைவனத்தின் வட ஓரம். வளைவில்லை, மேடில்லை, மரமில்லை. சாம்பல் நிறத் தரை, வானம், நடுவே ஒரு கோடு.

இங்கே வில்லன் தூக்கம். ஸ்டியரிங்கைத் திருப்பவேண்டிய தேவையே இல்லாதபோது மூளை மெல்ல வேலையைக் குறைத்துக்கொள்கிறது. கண் திறந்திருக்கும்போதே சில நொடி தூங்கிவிடும். 100 கி.மீ. வேகத்தில் நான்கு நொடி என்றால் 110 மீட்டர், ஒரு கால்பந்து மைதான நீளம், ஓட்டுநரே இல்லாமல் வண்டி போகிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் கவனத்துக்குச் சமம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 24 மணி நேரம் என்றால் 0.10. நைட் டூட்டிக்கு முந்தின பகலில் சரியாகத் தூங்காதவர் காலையில் எங்கே நிற்கிறார் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் மதுவைத் தொடமாட்டார்கள். ஆனால் இப்படி வண்டி ஓட்டுகிறார்கள்.

ஜன்னலைத் திறப்பது, ஏசியைக் கூட்டுவது, பாமாலை பாடுவது எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான். காபி வேலைசெய்ய 20, 30 நிமிடம் ஆகும். ஆகவே காபியைக் குடித்துவிட்டு, வண்டியைச் சாலையை விட்டு உள்ளே நிறுத்தி, இருபது நிமிடம் தூங்குவது நல்ல வழி. காரவனின் படுக்கைக்கு உண்மையான பயன் இதுதான். பின்னிரவு 2 முதல் 6 வரையும், பிற்பகல் 2 முதல் 4 வரையும் உடம்பு தானாகவே மந்தமாகும். அந்த நேரங்களில் நேர்ச்சாலையில் இல்லாதபடிதான் சிலாவில் தங்கினோம். வாந்திக்குப் போடும் அவோமினும், சளிக்குப் போடும் அவிலும் தூக்கம் தருபவை. அவற்றைப் போட்டவருக்கு அன்று ஸ்டியரிங் இல்லை.

ஒருவருக்கு 80 கி.மீ. என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். மூவரில் இருவர் பெண்கள். 2018 ஜூன் 24க்கு முன்பு இது நடந்திருக்காது, அன்றுதான் சவூதியில் பெண்கள் வண்டி ஓட்ட அனுமதி நடைமுறைக்கு வந்தது. ஓட்டுபவருக்குப் பக்கத்தில் ஒருவர் தூங்காமல் பேசவேண்டும் என்பது விதி. பேச்சு வற்றியதும் எதிரே வரும் பால் லாரிகளைப் பிள்ளைகள் எண்ணினார்கள். நம் ஃபிரிட்ஜில் இருக்கும் அல்மராய் பாலின் பண்ணைகள் இந்தச் சாலை போய்ச்சேரும் அல் கர்ஜ் பக்கம்தான். ஹரத்தில் கவார் எண்ணெய் வயலின் தெற்கு முனை. அங்கே ஒரு வளைவு வந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இரவில் ஒட்டகம் குறுக்கே வந்தால் உயர்ந்த கால்கள் பம்பரில் அடிபட்டு, உடம்பு முழுக்கக் கண்ணாடியின்மேல் விழும். அதனால் இருட்டுமுன் ரியாத்.

பத்தாவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பரோட்டாவும் சால்னாவும், நாகர்கோவில் நேந்திரம் சிப்ஸும், ஒரே தெருவில் ஐந்து மொழியும். 2024 டிசம்பரில் தொடங்கிய மெட்ரோவின் நீலத்தடம் ஒலயாவிலிருந்து பத்தா வழியாகப் போகிறது, காரவனைத் தூரத்தில் நிறுத்திவிட்டு அதில் வாருங்கள். அங்கே நிறுத்த இடம் தேடினால் நேர்ச்சாலையில் சேமித்த பொறுமை எல்லாம் போய்விடும். மஸ்மக் கோட்டை பக்கத்திலேயே.

திரும்பும்போது அல் அஹ்ஸா வழியாக வந்தோம். 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பேரீச்சஞ்சோலை, 25 லட்சம் மரங்கள். நேர்ச்சாலையின் சாம்பல் நிறத்துக்குப் பிறகு அந்தப் பச்சை எங்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டம் மாதிரி இருந்தது.

ஐக்கியச் செயலாளரிடம் எங்கள் கோப்பின் நகலும், யார் எங்கே ஓட்டினார்கள் என்ற தாளும் கொடுத்திருக்கிறோம். டூட்டிப் பட்டியல் நவம்பரில் வந்ததும் அந்தத் தாளில் பெயர்களை எழுதுங்கள். வியாழன் இரவு டூட்டி உள்ளவர் பெயர் வெள்ளிக்கிழமையில் வேண்டாம். கண்ணாடிக்குப் பக்கத்தில் இவற்றையும் ஒட்டிக்கொள்ளுங்கள்: அமீரகத்தில் ஆம்புலன்ஸ் 998, போலீஸ் 999, சவூதியில் செம்பிறை 997, நெடுஞ்சாலைப் பாதுகாப்பு 996, ரியாத்திலும் கிழக்கு மாகாணத்திலும் 911.