இலைப் பித்து

பூவின்மேல் ஆசை கொண்டாரை உலகம் இரசிகர் என்று சொல்லும். கனியின்மேல் ஆசை கொண்டாரைத் தோட்டக்காரர் என்று சொல்லும். வெறும் இலையின்மேல் ஆசை கொண்டு ஊரூராய் அலைபவரை என்னவென்று சொல்வது? என் மனையாள் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கின்றாள். 'விசர்' என்பது அது. இருபது ஆண்டுகளாக அப்பட்டத்தைச் சுமந்துவரும் நான், பண்டிதப் பட்டத்தினும் அதுவே எனக்கு அதிகம் பொருந்துவது என்று இப்பொழுது ஒப்புக்கொள்கின்றேன். அவ்விசர் எவ்வாறு தொடங்கியது, எங்கே கொண்டுபோய் விட்டது, அதனால் நான் செய்த குற்றம் யாது என்பவற்றை அன்பர்களுக்குச் சொல்லவே இதனை எழுதப் புகுந்தேன்.

யாழ்ப்பாணத்திலே குறோட்டன் இல்லாத முற்றம் அரிது. எவரும் அதனை விலைகொடுத்து வாங்குவதில்லை; எவரும் அதனைப் பெரிதாகப் போற்றுவதும் இல்லை. துளசிக்கு மாடம் உண்டு. செவ்வரத்தைக்குப் பூசையறையிலே இடம் உண்டு. குறோட்டனுக்கோ வேலியோரமே கதி. நானும் முப்பது வயது கடக்கும்வரை அதனை ஏறிட்டுப் பார்த்தவன் அல்லன். 2002ஆம் ஆண்டு எங்கள் கல்லூரி வாணி விழாவுக்காகச் சாடிகளிலே குறோட்டன் கிளைகளைச் செருகி வைத்திருந்தார்கள். விழா முடிந்து சில கிழமைகள் சென்றபின், மூலையிலே மறக்கப்பட்டுக் கிடந்த ஒரு சாடியைக் கழுவ எடுத்தேன். அக்கிளை நீரிலேயே வெள்ளை வேர் விட்டிருந்தது. எறிய மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து மண்ணில் வைத்தேன். பச்சையாய்த் துளிர்த்த இலை மஞ்சள் வரி பெற்று, முதிர முதிரச் செம்மை பாய்ந்து வருவதைக் கண்டேன். அன்று தொடங்கியது வினை.

சில மாதங்களில் வேறோர் ஆசிரியர் வீட்டில் திருகுசுருளாய் முறுகிய இலையுடைய ஒன்றைக் கண்டு ஒரு கிளை கேட்டு வாங்கினேன். ஒன்று இருந்தவரை அது செடி, இரண்டானபோது ஒப்புநோக்கு, மூன்றானபோது வகைப்பாடு, பத்தானபோது பட்டியல். பட்டியல் என்று ஒன்று எழுதத் தொடங்கினால் அதிலே வெற்றிடங்கள் கண்ணுக்குப் புலனாகும். உள்ளவை தரும் இன்பத்தினும் இல்லாதவை தரும் துன்பம் பெரிதாகும். சேகரிப்போன் நோய்க்கு மூலம் இதுவே.

நூற்பழக்கம் உள்ளவனாதலால், செடியோடு அதன் வரலாற்றையும் தேடினேன். நாம் குறோட்டன் என்பது மெய்யான குறோட்டன் அன்று. அப்பெயருக்கு உரிய இனத்தைச் சேர்ந்தது நம் சித்த வைத்தியர்கள் பேதிக்குக் கொடுக்கும் நேர்வாளம். இரண்டும் ஆமணக்குக் குடும்பத்தவை. ஆயினும் முற்றத்துச் செடி வேறோர் இனம். அதன் தாயகம் மலாயத் தீவுகள் முதல் அவுஸ்திரேலியாவின் வடபுறமும் பசிபிக் தீவுகளும் வரை பரந்தது. கிழக்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய அம்பொனிலே ஒல்லாந்தக் கம்பனியில் ஊழியம் பார்த்த றம்பியஸ் என்பார், பதினேழாம் நூற்றாண்டிலே இதனைத் தம் பெருநூலில் விரித்து எழுதினார். அவர் 1670இல் பார்வை இழந்தவர். 1674இல் நிலநடுக்கத்தில் மனைவியையும் மகளையும் பறிகொடுத்தவர். 1687இல் மூண்ட தீயில் தம் நூலுக்கு வரைந்த படங்களையும் இழந்தவர். அத்தனைக்குப் பின்னும் பிறர் கைகொண்டு எழுதுவித்து நூலை முடித்தார். கண்ணிழந்த ஒருவர் வண்ண இலைச்செடிக்கு வரலாறு எழுதிவைத்தார் என்பதை வாசித்த அன்று, கண்ணுள்ள நான் நெடுநேரம் நூலை மூடி வைத்துவிட்டு இருந்தேன். பின்னர் 1860களில் இங்கிலாந்தின் வீச் குடும்பத்தார் தென்கடல் தீவுகளிலிருந்து பல வகைகளைக் கொண்டுசென்று கண்ணாடி வீடுகளில் வளர்க்க, செல்வர்களிடையே இப்பித்துப் பரவிற்று. ஆகவே நான் முதல் விசரன் அல்லன் என்ற ஆறுதலும் கிடைத்தது.

வகைகள் பெருகும் விதமும் வியப்புக்குரியது. விதையிலிருந்து முளைப்பது தாயைப் போல இருக்கும் என்று சொல்ல முடியாது. சில வேளைகளில், ஒரே செடியின் ஒரு கிளை மாத்திரம் திடீரென்று வேறு நிறமோ வேறு வடிவமோ கொண்டு புறப்படும். அக்கிளையை வெட்டி வேர்ப்பித்தால் அது புதுவகை. விரும்பிய வகையை விரும்பியபடி காக்க வேண்டின், கிளை நட வேண்டும். அல்லது பதி வைக்க வேண்டும். ஏட்டைப் பார்த்து ஏடு எழுதுவதுபோலத் தாயைப் பார்த்துச் சேய் எழுதுவதே குறோட்டனின் வாழ்வு. இவ்வுவமையைப் பின்னர் நானே எனக்கு எதிராகப் பயன்படுத்த நேர்ந்தது.

கடைகளில் வழங்கும் பெயர்கள் எனக்கு உவப்பாயில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கவில்லையா? நான் என் இலைகளுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டினேன்; ஒரு கொப்பியிலே இலக்கமிட்டு எழுதினேன். ஐந்து ஆண்டுகளில் கொப்பி 80ஐத் தாண்டியது. தோளில் தொங்கும் பையிலே நன்னூலோடு ஒரு பேனாக்கத்தியும் இடம்பெற்றது. கலியாணவீட்டுக்குப் போனால் பந்தலைப் பாரேன்; வேலியோரத்தைப் பார்ப்பேன். சொல்ல வெட்கமாயிருக்கின்றது: செத்தவீட்டுக்குப் போயும் பிணத்துக்கு அப்பால் என் கண் சென்றதுண்டு. வைகாசி, ஆனி மாதங்களில் கிணறு அடிமட்டம் தெரியும். "இஞ்சாருங்கோ, குடிக்கிற தண்ணிக்கே அள்ளுப்பாடு. உந்த இலையளுக்கு வாளி வாளியாய் ஊத்திறியளே!" என்பாள் மனையாள். நியாயம் அவள் பக்கம். ஆயினும் இரவிலே அவள் உறங்கியபின் வாளியை ஓசைபடாமல் இறக்கியிருக்கின்றேன்.

இனிக் குற்றத்தைச் சொல்கின்றேன். 2004ஆம் ஆண்டிலே எங்கள் ஊருக்கு இரண்டு கட்டை தொலைவில், ஆளற்ற ஒரு வளவைக் கண்டேன். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்விலே வீட்டுக்காரர் போனவர்கள், திரும்பவில்லை. கூரை இல்லை, யன்னல் நிலைகளும் இல்லை. முற்றத்தைப் பற்றை மூடியிருந்தது. கிணற்றுக் கட்டின் அருகே, ஆளுயரத்துக்கு மேலே, ஒரு குறோட்டன் நின்றது. கருஞ்சிவப்பு இலை, நடுநரம்பு இளஞ்சிவப்பு, நுனியிலே பொட்டு வைத்தாற்போல் ஒரு மஞ்சள். ஒன்பது ஆண்டுகள் எவரும் நீர் வார்க்காமல் அது அங்கே நின்றிருக்கின்றது. அது யாருடைய கை நட்டது, அக்கை இப்பொழுது எங்கே இருக்கின்றது என்று எண்ணியிருக்க வேண்டும். நான் எண்ணியது ஒன்றுதான்: இது என் பட்டியலில் இல்லை. பேனாக்கத்தியை எடுத்தேன். பால் வேட்டியிலே சொட்டிக் கறையாயிற்று. அக்கறை இறுதிவரை போகவில்லை.

அச்செடிக்கு 47 என்று இலக்கமிட்டு, 'செஞ்சுடர்ப் பொட்டு' என்று பெயரும் இட்டேன். ஆசிரியர் பெயர் தெரியாத பாட்டுக்குத் தன் பெயரைப் போட்டுக்கொள்பவனை வகுப்பிலே எத்தனை முறை இகழ்ந்திருக்கின்றேன்! சில ஆண்டுகளின் பின் அவ்வளவு கைமாறியது. காடு வெட்டும் இயந்திரம் வந்து முற்றத்தைச் சமன் செய்தது. அறிந்தபோது எனக்கு வருத்தம் ஏற்பட்டது என்று எழுத ஆசைதான். மெய்யாக ஏற்பட்டது மகிழ்ச்சி. இப்பொழுது அது என்னிடம் மாத்திரமே உண்டு! என்னுடன் கற்பித்த நண்பர் ஒருவர், எனக்கு முதன்முதல் முறுக்கிலைக் கிளை தந்தவரே, அதிலே ஒரு கிளை கேட்டார். "இன்னும் வளரட்டும்" என்றேன். அடுத்த ஆண்டும் கேட்டார். அதே விடை. பிறகு அவர் கேட்கவில்லை. என் வீட்டுக்கு வருவதும் குறைந்தது.

அக்காலத்திலும் பண்டித வகுப்பிலே பதிப்பு வரலாறு கற்பித்துக்கொண்டுதான் இருந்தேன். தாமோதரம்பிள்ளையும் சாமிநாதையரும் ஏடு தேடி அலைந்த அலைச்சலைச் சொல்லுவேன். ஏட்டைப் பெட்டியிலே பூட்டி, 'எங்கள் வீட்டுச் சொத்து' என்று காட்டவும் மறுத்துக் கடைசியிலே செல்லுக்கு இரையாக்கினவர்களைக் கடுமையாகக் கண்டிப்பேன். மாணவர்கள் குறிப்பெடுப்பார்கள். அவர்களுள் ஒருவனாவது என் முற்றத்தைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பான்.

2016இல் வடகீழ்ப் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டு கோடையிலே கிணறு வற்றியது. சட்டிகளிலே நின்ற பலவும் இலையுதிர்ந்து குச்சிகளாயின. 47ஆம் இலக்கத்தில் ஒரேயொரு கிளை மாத்திரம் பசுமை தாங்கி நின்றது. குடிக்க வைத்த நீரிலே ஒரு செம்பை அதற்கு வார்த்தபோது மனையாள் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கும் இரக்கம் வந்திருக்க வேண்டும். செடி பிழைத்தது. 'ஒரு பிரதி அழிந்தால் நூல் அழியும்' என்ற பாடம் அன்றே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை, சட்டியைக் கண்ணுக்குத் தெரியும்படி திண்ணைக்கு மாற்றியதோடு அமைந்தேன்.

2023 ஆடி மாதம் ஒரு பெண்மணி வந்தார். நாற்பது வயதுக்கு மேலிருக்கும். ரொறன்ரோவிலிருந்து வந்திருப்பதாயும், பிறந்த வீட்டைப் பார்க்கப் போனபோது அங்கே முற்றம் முழுதும் சீமெந்து பூசியிருந்ததாயும், 'எல்லாக் குறோட்டனும் பண்டிதர் வீட்டில் இருக்கும்' என்று அயலவர் சொன்னதாயும் கூறினார். பேச்சு முடியுமுன் அவர் கண் திண்ணைக்குப் போயிற்று.

"இது எங்கட அம்மான்ர செடி" என்றார்.

இல்லையென்று சொல்ல ஒரு கணம் நா எழுந்தது. அந்த ஒரு கணத்தையும் மறையாமல் எழுதிவிடுகின்றேன். பின்னர் நடந்ததைச் சொன்னேன்: வளவிலே புகுந்தது, கேளாமல் வெட்டியது, பெயர் வைத்தது எல்லாம். அவர் கோபிக்கவில்லை. இலையொன்றை விரல்களுக்கிடையே பிடித்தபடி, "நீங்கள் வெட்டியிருக்காட்டி இண்டைக்கு இது இல்லை, ஐயா. அம்மாவும் இல்லை" என்றார்.

தேநீர் அருந்தியபடி அவர் தம் கதையைச் சொன்னார். அங்கே வெயில் படாத பின்முற்றத்துக்கென அயல்வீட்டு முதியவர் ஒருவர் ஹொஸ்ரா என்னும் செடியின் கிழங்கடியிலே ஒரு துண்டு பிரித்துக் கொடுத்தாராம். அதுவும் இலைக்காகவே வளர்க்கப்படுவது. சிலவற்றின் இலை சேம்பிலை போல அகலம்; சிலவற்றின் இலை உள்ளங்கையிலும் சிறிது. பனிக்காலத்திலே மேற்பாகம் முற்றாக மடிந்து நிலத்துள் ஒடுங்கிவிடும். வசந்தத்திலே இலைகள் பாய்போலச் சுருண்டபடி மண்ணைப் பிளந்து எழும். நீலம் பூத்தாற்போன்ற சில இலைகளின் நிறம் மேலே படிந்த மெழுகால் வருவது. கடுவெயிலில் அது கரைந்து பச்சையாகிவிடும். 'நீலச் சுண்டெலிக் காது' என்று பொருள்படும் பெயருடைய ஒரு சிறுவகையும் உண்டாம். ஒரு துண்டோடு தொடங்கியவரிடம் இப்பொழுது 130 வகை. "என்ர மனுசனும் விசரெண்டுதான் சொல்லுறார்" என்று சிரித்தார்.

அவர் சென்றபின் அச்செடியைப் பற்றியும் வாசித்தேன். சீனம், கொரியா, யப்பான் நாடுகளுக்குரியது. 1830 அளவிலே சீபோல்ட் என்னும் வைத்தியர் யப்பானிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றவை வழியே பல வகைகள் அங்கே பரவின. யப்பானியர் அதன் இளந்தளிரைக் கறியாக்கி உண்பர். அமெரிக்காவிலே 1936இல், கனெற்றிக்கற் மாநிலத்து நாற்றுமேடை ஒன்றின் வரிசையிலே, மஞ்சள் கரையிட்ட இலையுடன் தனித்து நின்ற ஒரு செடியைப் பிரான்சிஸ் வில்லியம்ஸ் என்னும் அம்மையார் கண்டெடுத்தார். அது பின்னர் அவர் பெயராலேயே உலகெங்கும் அறியப்பட்டது. 1968இல் அந்நாட்டிலே இச்செடிக்கெனச் சங்கமே அமைத்தார்கள். நம் முற்றத்துச் செடி பனியைத் தாங்காது. அவர்கள் செடிக்கோ பனியின் உறக்கம் இன்றியமையாதது. மண் வேறு, பித்து ஒன்று.

ஆனால் என்னைத் திருத்தியது இவ்வரலாறு அன்று. புறப்படுமுன் அப்பெண்மணி சொன்ன சொல். செடியை எடுத்துச் செல்லும்படி வேண்டினேன். விமானத்திலே செடி கொண்டுபோவதற்குரிய கட்டுப்பாடுகளைச் சொல்லி மறுத்தார். பிறகு சொன்னார்:

"எனக்கு அருமையான ஹொஸ்ரா ஒண்டு கிடைச்சால், முதல் வேலை அதைப் பிரிச்சு வேற ஆருக்காவது குடுக்கிறதுதான். என்ர செத்தாலும் அங்கே இருக்கும். பிறகு நான் போய்க் கேட்கலாம். இதையும் அப்பிடிச் செய்யுங்கோ, ஐயா. பூட்டி வைக்காதேங்கோ."

பூட்டி வைக்காதேங்கோ! இருபது ஆண்டு நான் வகுப்பிலே சொன்ன பாடம் என் திண்ணையிலேயே எனக்குச் சொல்லப்பட்டது.

"அம்மா இதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவா?" என்று கேட்டேன்.

"பெயரோ? கிணத்தடிச் செடி எண்டுதான் சொல்லுவா."

அன்று மாலையே நான்கு கிளைகளில் வளையமாகத் தோல் நீக்கி, ஈரத் தும்பு வைத்துக் கட்டிப் பதி வைத்தேன். ஆறு கிழமையில் வேர் தெரிந்தது. முதலாவதை, இரண்டு முறை 'இன்னும் வளரட்டும்' என்று நான் மறுத்த நண்பரிடம் கொண்டுசென்றேன். அவர் ஓய்வுபெற்றுச் சாய்மனைக் கதிரையில் இருந்தார். "வளர்ந்துவிட்டதோ?" என்று மாத்திரம் கேட்டார். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. அவர் எழுந்துபோய்ச் சட்டி ஒன்று எடுத்துவந்தார். இரண்டாவதை அந்தச் சீமெந்து முற்றத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தேன், கிணற்றடியிலே பூசாமல் விட்ட சிறு இடம் ஒன்று இருந்தது, அங்கே வைத்தார்கள். இன்று அச்செடி பதினொரு வீடுகளில் நிற்கின்றது. என்னுடையது நாளை பட்டாலும், போய்க் கேட்கப் பதினொரு வாசல் உண்டு.

என் விசர் தீர்ந்துவிட்டது என்று எவரும் எண்ண வேண்டாம். கொப்பியிலே இப்பொழுது 112 இலக்கங்கள். ஆயினும் ஒவ்வோர் இலக்கத்துக்கும் எதிரே புதிதாக ஒரு நிரல் வரைந்திருக்கின்றேன்: 'யாருக்குக் கொடுத்தது' என்பது அதன் தலைப்பு. அதிலே வெற்றிடங்களே மிகுதி. அவற்றை நிரப்புவதே இனி என் சேகரிப்பு. 47ஆம் இலக்கத்திலே 'செஞ்சுடர்ப் பொட்டு' என்றிருந்ததைக் கோடிட்டு வெட்டி, 'கிணற்றடிச் செடி' என்று எழுதியிருக்கின்றேன். பாடபேதம் அன்று; அதுவே மூலபாடம்.