கண்டனரா, கூடினரா?

ஆங்கில வகுப்புகளில் ‘றீயுனைற்’ என்னும் வினைச்சொல்லுக்கு ‘மீண்டும் சந்தித்தல்’ என்று பொருள் கூறிவிட்டு அப்பாற் செல்வதுண்டு. அப்பொருளை மனனஞ் செய்த மாணவன், தன் பழைய ஆசிரியரைச் சந்தையிற் கண்ட செய்தியை எழுதப் புகும்போது, ‘ஐ றீயுனைற்றட் மை ரீச்சர்’ என்று எழுதிவிடுகிறான். திருத்துபவர் சிவப்பு மையாற் கோடிட்டுப் பிழை என்கிறார். அது ஏன் பிழையாயிற்று என்பதை ஆராயப் புகுந்தால், ஒரு சொல்லின் இலக்கணத்தை மட்டுமன்றி, பிரிவு யாது, கூட்டம் யாது என்பதையும் நாம் சிந்திக்க நேரும்.

முதலில் இலக்கணத்தை நோக்குவோம். ‘சந்தி’ என்னும் வினையோடு நாம் இரண்டாம் வேற்றுமையை ஆளுகிறோம். ‘ஆசிரியரைச் சந்தித்தேன்’ என்கிறோம். அப்பழக்கத்தையே மாணவன் ஆங்கிலத்துக்கும் கொண்டுசெல்கிறான். ஆனால் ‘றீயுனைற்’ என்பதன் பின் ஒருவரை மட்டும் செயப்படுபொருளாக நிறுத்தினால், அவரை வேறொருவருடன் சேர்த்துவைத்தான் என்னும் கருத்தே தோன்றும். படிப்பவர், ‘ஆசிரியரை யாரோடு சேர்த்துவைத்தாய்?’ என்று வினவ இடமுண்டு. ஆங்குத் தேவைப்படுவது ‘வித்’ என்னும் சொல். அது நம் மூன்றாம் வேற்றுமையின் உடனிகழ்ச்சிப் பொருளைத் தருவது. ‘ஆசிரியருடன்’ என்பதே அவ்வினைக்கு ஏற்றது. இன்னொரு பிழையும் உண்டு. ‘மீண்டும்’ என்னும் கருத்து அச்சொல்லின் முதலுறுப்பாகிய ‘றீ’ என்பதிலேயே அடங்கியிருக்க, ‘அகெயின்’ என்பதையும் பின்னே சேர்த்தெழுதுவோர் பலர். அது கூறியது கூறல் என்னும் குற்றமாகும்.

நிற்க. வேற்றுமையைத் திருத்திய பின்னும் மாணவனுடைய வாக்கியம் முற்றாகச் செம்மையுறாது. ‘யுனைற்’ என்பது ஒன்று என்னும் எண்ணைக் குறிக்கும் ‘ஊனுஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. தமிழிலும் ‘ஒன்று’ என்பது எண்ணாகவும் நிற்கும். ‘ஒன்றுதல்’ என வினையாகவும் வரும். ஆகவே ‘றீயுனைற்’ என்பது மூன்று நிலைகளை உட்கொண்ட சொல். முன்பு ஒன்றாயிருந்தனர்; இடையிற் பிரிந்தனர்; இப்போது மறுபடியும் ஒன்றாயினர். சந்தையிற் கண்டு நலம் விசாரித்துத் தத்தம் வழியே சென்றவர்க்கு இத்துணை கனமான சொல் வேண்டுவதில்லை. ‘மீற் அகெயின்’ என்னும் எளிய தொடர் போதும். மத்திய கிழக்கிற் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பித் தன் பிள்ளைகளை அணைத்துக்கொண்ட தாய்க்கோ அச்சொல் முற்றும் பொருந்தும். பழைய மாணவர்களின் ஒன்றுகூடலை ஆங்கிலத்தில் ‘றீயூனியன்’ என்பதும் இவ்வழி வந்ததே. தவறவிட்ட குடையும் உடையவரும் ‘றீயுனைற்’ ஆயினர் என ஆங்கிலத்தில் நகைச்சுவை தோன்ற எழுதுவதுண்டு. தமிழிலோ குடை உரியவர் கையிற் சேரும், அவருடன் ஒன்றுகூடாது.

அன்றாட வழக்கில் இச்சொல் பெரும்பாலும் செயப்பாட்டுவினையாக வருகிறது. தாயும் மகனும் ‘வேர் றீயுனைற்றட்’ என்றால் ஆங்கிலத்தில் வாக்கியம் நிறைவுறும். சேர்த்துவைத்தவர் யார் என்பதைச் சொல்லாமலே விட்டுவிடலாம். தமிழில் எழுதப் புகுவோனோ தன்வினை, பிறவினை ஆகிய இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டியவனாகிறான். தாயும் மகனும் சேர்ந்தனரா? பிறர் முயன்று அவர்களைச் சேர்த்தனரா? ஒரு மெய்யெழுத்தின் வேறுபாடே எனினும், பின்னதில் யாரோ ஒருவருடைய உழைப்பு மறைந்திருக்கிறது. பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் 1870இல் போர் மூண்டபோது, போரிற் காயமுற்றவர்களையும் சிறைப்பட்டவர்களையும் பற்றிய செய்தியை அவர்தம் குடும்பத்தாருக்கு அறிவிக்கவென, சுவிற்சர்லாந்தின் பாசெல் நகரிற் செஞ்சிலுவை இயக்கத்தார் ஒரு நிலையத்தை அமைத்தனர். அன்று தொடங்கிய பணி இன்றும் நடைபெறுகிறது. அத்தகையோர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டுமிடத்து ‘சேர்த்துவைத்தனர்’ என்றே எழுதுதல் முறை.

காண்பதற்கும் கூடுவதற்கும் இடையேயுள்ள தூரம் நம் இலக்கியம் நன்கறிந்தது. புகழேந்திப் புலவரின் நளவெண்பாவிலே, கலிநீங்கு காண்டத்தில், உருமாறித் தேர்ப்பாகனாக வந்து நிற்கும் நளன் தன் மக்களைக் காண்கிறான், கண்ணீர் பெருக்குகிறான். மக்களோ அவனைத் தந்தையென அறியார். கண் கண்டுவிட்டது; குடும்பம் இன்னும் கூடவில்லை. அவன் தன்னுருப் பெற்று, தமயந்தி அவனை அறிந்துகொண்ட பின்னரே பிரிவு தீர்கிறது.

இத்தூரம் காவியத்தோடு முடிந்துவிட்டதன்று. 1950 முதல் 1953 வரை நடந்த போரினால் வட கொரியாவிலும் தென் கொரியாவிலுமாகச் சிதறிய குடும்பங்கள் பல. 1985இலும், பின்னர் 2000ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15ஆம் திகதி முதல் பல முறையும், தெரிந்தெடுக்கப்பட்ட சிலருக்கு உறவினரைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. 2018 ஓகஸ்டில் கும்காங் மலையில் நடந்த நிகழ்ச்சியில், முதியோர் தம் உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் கண்டு மூன்றாம் நாளே விடைபெற்றனர். பேருந்துக் கண்ணாடியின் இருபுறமும் கைகளை வைத்து அழுதனர். ஆங்கிலச் செய்தித்தாள்கள் இந்நிகழ்ச்சிகளைக் குடும்ப ‘றீயூனியன்’ என்றே எழுதின. ஆங்கில வழக்கு அதற்கு இடந்தருகிறது. ஆனால் கொரிய மக்கள் தம் மொழியில் இதனைச் ‘சங்பொங்’ என்கின்றனர். ஒருவரையொருவர் எதிர்ப்படுதல் என்பதே அதன் பொருள். ஒன்றாதலைக் குறிக்கும் ‘தொங்கில்’ என்னும் சொல்லை, நாடு ஒன்றாகும் நாளுக்கென வேறாக வைத்திருக்கின்றனர். ஜெர்மனியிலோ 1989 நவம்பர் 9ஆம் திகதி பேர்லின் மதில் திறக்கப்பட்டு, 1990 ஒக்ரோபர் 3ஆம் திகதி இரு நாடுகளும் ஒன்றாயின. மதிலாற் பிரிந்த உறவினர் அதன்பின் தாம் விரும்பியபோது விரும்பிய இடத்திற் சேர்ந்து வாழலாமென்ற நிலை வந்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லை எழுதலாம். தமிழில் எழுதும் நாம் முன்னையதைச் சந்திப்பு என்றும் பின்னையதை ஒன்றுசேர்தல் என்றும் பிரித்தெழுதுதல் வேண்டும்.

ஆதலின் இச்சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், பொருளை மட்டும் எழுதிப்போடாது, சில வினாக்களையும் மாணவருக்கு அளிப்பது நன்று. இவர்கள் முன்பு ஒன்றாயிருந்தவர்களா? பிரித்தது யாது? தாமே கூடினரா, பிறர் கூட்டினரா? கூடியபின் சேர்ந்திருக்கின்றனரா, கண்டு பிரிந்தனரா? இவற்றுக்கு விடை கண்ட மாணவன் ஆங்கிலத்திற் பிழையற எழுதுவான்; ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கும்போதும் தடுமாறமாட்டான். கண்டதைக் கூடியதாக எழுதிவிட்டால், இன்னும் தீராத ஒருவருடைய பிரிவைத் தீர்ந்ததாக ஏட்டில் ஏற்றிவிடுகிறோம்.