ரைபோசோம்: எல்லா உயிருக்குள்ளும் ஓடும் ஆதி இயந்திரம்

குன்றத்தூர் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் ஷிப்ட் பஸ்கள் ஓய்வில்லாமல் போய்வருகின்றன. கார் எப்படி உருவாகிறது என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பிரஸ் ஷாப்பில் தகடு வளைகிறது, வெல்டிங்கில் கூடு சேர்கிறது, பெயின்ட் காய்ந்தபின் அசெம்ப்ளி லைனில் உதிரிபாகங்கள் ஏறுகின்றன. எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும், அதற்கும் முன்பே வரைபடம் வேண்டும். ஆகவே, எளிய வேதிப்பொருள்களிலிருந்து யாரும் கோர்க்காமலே உயிர் தோன்றியிருக்கலாம் என்று அறிவியல் சொல்லும்போது ஐயம் எழுவது நியாயமே. அந்த ஐயத்தைத் தீர்க்கும் முக்கியமான சான்று ஒன்று நம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. அதன் பெயர் ரைபோசோம். செம்பரம்பாக்கம் ஏரியின் பாசியிலும், கரையோரப் புளியமரத்திலும், ஆலையில் வேலை பார்க்கும் மனிதரிலும் ஒரே அடிப்படை அமைப்பில் ஓடும் இயந்திரம் இது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 40,000 ரைபோசோம்களை வரிசையாக நிறுத்திவிடலாம்.

இதன் வேலை புரதம் செய்வது. டிஎன்ஏவில் உள்ள குறிப்பு முதலில் ஓர் ஆர்என்ஏ இழையாக நகலெடுக்கப்படுகிறது. ரைபோசோமின் சிறிய பாதி அந்த இழையைப் பிடித்து, மும்மூன்று எழுத்தாக வாசிக்கிறது. ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் உரிய அமினோ அமிலத்தைக் கடத்து ஆர்என்ஏ என்ற சிறு மூலக்கூறு சுமந்து வருகிறது. எழுத்து பொருந்தினால் உள்ளே இடம் கிடைக்கும், இல்லையென்றால் நழுவிப் போய்விடும். பெரிய பாதி, வந்து சேர்ந்த அமினோ அமிலத்தை வளர்ந்துவரும் சங்கிலியோடு இணைக்கிறது. பாக்டீரியாவில் நொடிக்கு 15 முதல் 20 அமினோ அமிலங்கள் வரை இப்படிச் சேர்கின்றன. மருந்துக் கடையில் வாங்கும் டாக்ஸிசைக்ளினும் அஸித்ரோமைசினும் பாக்டீரியாவின் ரைபோசோமுக்குள் புகுந்து இந்த ஓட்டத்தைத் தடுப்பதால்தான் நோய் அடங்குகிறது. சிதம்பரத்தில் 1952-ல் பிறந்து, பரோடாவில் இயற்பியல் படித்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், கேம்பிரிட்ஜில் இருந்தபடி 2000-ல் சிறிய பாதியின் அணு அமைப்பை வெளிப்படுத்தினார். தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் அவருக்கு 2009-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

என் வாதத்துக்கு அச்சாணி ஸ்டைட்ஸ் குழுவின் கண்டுபிடிப்பு. சாக்கடலில் வாழும் உப்புவிரும்பி நுண்ணுயிரியின் ரைபோசோமில் பெரிய பாதியை அவர்கள் படம்பிடித்தார்கள். அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று சேரும் அந்த மையத்தில் புரதமே இல்லை, முழுக்க ஆர்என்ஏ. சுற்றிலும் பல டஜன் புரதங்கள் இருந்தாலும் அவை பெரும்பாலும் வெளிப்புறத்தில் ஒட்டித் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. இது சாதாரணச் செய்தி அல்ல. புரதம் செய்ய டிஎன்ஏ வேண்டும், டிஎன்ஏவை நகலெடுக்கப் புரதம் வேண்டும், அப்படியானால் எது முதலில் வந்தது என்ற கேள்வி உயிரியலைப் பல காலம் முடக்கி வைத்திருந்தது. ஆர்என்ஏ குறிப்பைச் சுமக்கவும் செய்யும், நொதியாக வேலையும் செய்யும் என்று தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் இருவரும் 1980-களில் காட்டியபோது முடிச்சு தளர்ந்தது. ரைபோசோமின் மையமும் ஆர்என்ஏ என்றானதும், புரதங்களுக்கு முந்தைய ஒரு காலத்தின் எச்சம் நம் செல்களில் இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்ற முடிவுக்கு வராமல் இருப்பது கடினம்.

பழைய இரும்புக் கிடங்கில் சூறாவளி வீசி ஒரு போயிங் 747 விமானம் உருவாகுமா என்று வானியலாளர் ஃபிரெட் ஹாயில் கேட்டார். விமானத்துக்குப் பதில் ஒரகடத்துக் கார் என்று வைத்தாலும் கேள்வி அதேதான். பதில் இரண்டு பகுதி கொண்டது. காரின் கதவு தானாகப் போய்க் கீலில் மாட்டிக்கொள்ளாது. ஆர்என்ஏவின் எழுத்துகளோ தம் வேதி இயல்பாலேயே இணை தேடிப் பொருந்துகின்றன. அதைவிட முக்கியம், கார் தன்னை நகலெடுப்பதில்லை. நகலும் அதில் பிழையும் இருந்தால் தேர்வு தொடங்கிவிடும், அதற்குச் செல்கூட வேண்டாம். சோல் ஸ்பீகல்மன் 1967-ல் ஒரு வைரஸின் ஆர்என்ஏவைச் சோதனைக் குழாயில் நகலெடுக்க விட்டு, அதில் கொஞ்சத்தை அடுத்த குழாய்க்கு மாற்றிக்கொண்டே போனார். 74-வது மாற்றத்தில் அந்த ஆர்என்ஏ தன் நீளத்தில் 83 சதவீதத்தை உதறிவிட்டு, அதிவேகமாக நகலாகும் வடிவை அடைந்திருந்தது. நகலெடுக்கும் நொதியை அவர் வெளியிலிருந்து கொடுத்தார் என்பது சரியான ஆட்சேபம். ஆனால் 2011-ல், ராமகிருஷ்ணன் பணிபுரிந்த அதே கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் ஃபிலிப் ஹோலிகர் குழு, 95 எழுத்து நீளம்வரை ஆர்என்ஏவைப் படியெடுக்கும் ஓர் ஆர்என்ஏவையே உருவாக்கிக் காட்டியது.

மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு 1969-ல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல் பெரிய சாட்சி. அதில் அமினோ அமிலங்கள் இருப்பதை நாசாவில் சிரில் பொன்னம்பெருமாவின் குழு கண்டறிந்தது. காலியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து, பிறகு வேதியியலுக்கு வந்தவர் அவர். அந்த அமிலங்களில், ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல் அமைந்த இடக்கை வடிவும் வலக்கை வடிவும் ஏறக்குறையச் சமமாக இருந்தன. பூமியின் உயிர்கள் புரதத்துக்கு இடக்கை வடிவையே பயன்படுத்துவதால், அது கைபட்டு ஒட்டிய கறை அல்ல என்பது உறுதியானது. அடுத்த ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. ஆர்என்ஏ சங்கிலியில் ஒரு கண்ணி சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். நீருக்குள் அது எப்படி நடக்கும்? கோடையில் செம்பரம்பாக்கத்தின் ஓரக் குட்டைகளைப் பார்த்தவர்களுக்கு விடை எட்டும் தூரத்தில் இருக்கிறது. குட்டை வற்றும்போது கரைந்தவை செறிகின்றன, வெளியேறிய நீர் ஆவியாகிவிடுகிறது, அடுத்த மழையில் எல்லாம் மறுபடி கலக்கின்றன. சுதா ராஜமணியும் டேவிட் டீமரும் 2008-ல் கொழுப்பு மூலக்கூறுகளோடு இப்படி உலர்த்தி நனைத்து, ஒற்றை நியூக்ளியோட்டைடுகளிலிருந்து ஆர்என்ஏ போன்ற சங்கிலிகளைப் பெற்றார்கள். ராஜமணி இப்போது புனேயின் ஐசர் ஆய்வு நிறுவனத்தில் இதே வேதியியலைத் தொடர்கிறார்.

இன்றைய குட்டைகளில் ஏன் புது உயிர் தோன்றவில்லை என்று கேட்டால், டார்வின் 1871-ல் ஒரு கடிதத்திலேயே பதில் சொல்லிவிட்டார்: அப்படி உருவாகும் பொருளை ஏற்கெனவே இருக்கும் உயிர்கள் உடனே தின்றுவிடும். ஆய்வகத்தில் இதுவரை யாரும் வெறும் வேதிப்பொருளிலிருந்து ஒரு செல்லை உருவாக்கவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் இடைப்பட்ட படிகள் ஒவ்வொன்றாகச் சோதனைக்கு வருகின்றன. ரைபோசோமின் மையத்தை ஒத்த சின்னஞ்சிறு ஆர்என்ஏ துண்டுகளை யோனத்தின் குழு தயாரித்தது. அவை புரதத்தின் துணையே இல்லாமல் இரண்டு அமினோ அமிலங்களை இணைத்ததாக 2022-ல் அறிவித்தது. இணைக்கும் திறன் எப்படி வந்திருக்கும் என்பது இப்போது ஓரளவு புலப்படுகிறது. எந்த மூன்றெழுத்து எந்த அமிலத்தைக் குறிக்கும் என்ற ஒழுங்கு எப்படி ஏற்பட்டது என்பதே அடுத்து அவிழ்க்க வேண்டிய முடிச்சு.