தாலி கட்டும் நிமிஷமும் கமெராக்காரரின் கண்ணும்

கண்டியில் விவாக வைபவங்களை வீடியோ எடுக்கப் புகும் ஒருவர், எந்த லென்ஸ் நல்லதென்று கடைக்காரரிடம் விசாரிப்பதற்கு முன்னர், கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் போன்ற ஓரிடத்தில், ஓமப்புகை எழ, கெட்டிமேளம் முழங்க, அட்சதையும் கையுமாக உறவினர் மணவறையைச் சூழ்ந்துகொள்ளும் முகூர்த்த வேளையில், தமக்கென மிஞ்சும் இடம் எவ்வளவு என்பதை நின்று பார்ப்பது உத்தமம். பின்வாங்க வழியில்லாத அந்த நெரிசலில், 24 முதல் 70 மில்லிமீற்றர் வரை செல்லும் எஃப் 2.8 ஸூம் லென்ஸே கைகொடுக்கும். எஃப் 4 லென்ஸ் பாரத்திலும் விலையிலும் சகாயமானதுதான். ஆனால் உள்ளே விடும் வெளிச்சம் இதிற் பாதியே.

அப்படியாயின் எஃப் 1.4 இன்னும் விசேஷமல்லவா என்பார்கள். 85 மில்லிமீற்றர் லென்ஸை அவ்வளவு திறந்து, இரண்டு மீற்றர் தூரத்தில் நின்று எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஐந்து சென்ரிமீற்றருக்கும் குறைவு. ஐயர் எடுத்துக் கொடுக்கும் தாலியும், மாப்பிள்ளையின் விரல்களும், குனிந்திருக்கும் பெண்ணின் நெற்றியும் மூன்று தூரங்களில் இருக்க, ஒன்று தெளிய மற்றவை மங்கும். "இன்னொருதரம் கட்டுங்கள் தம்பி" என்று கேட்கவா முடியும்?

லென்ஸுக்கு லட்சம் லட்சமாகச் செலவழிப்போர் வியூஃபைண்டரை அலட்சியம் செய்வதுதான் எனக்கு விளங்காத விஷயம். முகூர்த்தம் முடிந்து தம்பதியர், 1821இல் நிறுவப்பெற்ற பேராதனைப் பூங்காவின் வெட்டவெளிப் புற்றரைக்கு வந்ததும், உச்சிவெயிலில் கமெராவின் பின்புறத் திரை வெறும் கண்ணாடியாகிவிடும். 2008இல் வெளிவந்து கல்யாண வீடியோவின் போக்கையே மாற்றிய கெனன் 5டி மார்க் 2இல், படம் ஓடும்போது உட்கண்ணாடி மேலெழுந்து வியூஃபைண்டரை இருளாக்கிவிடுமாதலால், திரையின்மேல் உருப்பெருக்கிக் கூடு பொருத்தி அவஸ்தைப்பட்டோர் பலர். இன்றைய மிரர்லெஸ் கமெராக்களில் அக்குறை இல்லை. கண்ணை ஒட்டவைத்தால் விழப்போகும் படமே தெரிகிறது, கமெராவும் ஆடாமல் நிற்கிறது. ஃபோகஸ் விழுந்த விளிம்பை நிறமிட்டுக் காட்டும் வசதியைச் சிவப்பில் வைத்தால் கூறைச் சேலையிலும், மஞ்சளில் வைத்தால் சரிகையிலும் அது மறைந்துபோகும். நீலம் இருந்தால் அதையே தெரிவு செய்க.

வினாடிக்கு 25 படம் எடுக்கையில் ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்காக வைப்பது வழக்கம். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் ஆகையால் மண்டபத்து விளக்குகளும் அதில் துடிப்பதில்லை. வெயிலில் அதே வேகத்தைக் காக்க என்.டி. ஃபில்டர் அவசியம்.

பழைய லென்ஸ் வாங்குவோர் கண்டியின் ஈரக்காற்றையும் கணக்கிற் கொள்ளவேண்டும். ஒரு முனையில் டோர்ச் அடித்து மறுமுனையால் நோக்கி, சிலந்தி நூல்போலப் பூஞ்சணம் ஓடியிருக்கக் கண்டால், எவ்வளவு மலிவாயினும் திருப்பிக் கொடுத்துவிடுக.