பையனைக் கொன்றது சரியா? கை தூக்குங்கள்!

நீதிப் பாடம் நடத்திய பேராசிரியருக்கே வந்தது ஒரு நியாயக் கேள்வி

நடுக்கடல். ஒரு சின்னப் படகு. அதில் 4 பேர். குடிக்கத் தண்ணீர் கிடையாது. சாப்பிட இருந்தது 2 டப்பா கிழங்கு. அதுவும் தீர்ந்துவிட்டது.

அவர்களில் ஒருவன் 17 வயதுப் பையன். பெயர் ரிச்சர்டு பார்க்கர். அப்பா, அம்மா இல்லாதவன். தாகம் தாங்காமல் கடல் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுருண்டு கிடந்தான். சுமார் 20 நாள் ஆயிற்று. கேப்டன் டட்லி கத்தியை எடுத்தார். பாவம், பையன் கதை முடிந்தது. மற்ற 3 பேரும் அவன் உடலைத் தின்று உயிர் பிழைத்தார்கள். சில நாளில் ஒரு கப்பல் வந்து அவர்களைக் காப்பாற்றியது.

இது சினிமாக் கதை அல்ல. 1884-ல் நடந்தது. டட்லிக்கும் அவருடைய கூட்டாளி ஸ்டீபன்சுக்கும் இங்கிலாந்து கோர்ட்டு மரண தண்டனை விதித்தது. பிறகு அது 6 மாத ஜெயிலாகக் குறைக்கப்பட்டது.

நீங்கள் ஜட்ஜாக இருந்தால் என்ன தீர்ப்புச் சொல்வீர்கள்?

ஆயிரம் பேர் வகுப்பு

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் சாண்டல் தன் மாணவர்களிடம் போட்ட கேள்வி இதுதான். 1980-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். அவர் நடத்திய பாடத்தின் பெயரே "நீதி". சுமார் ஆயிரம் மாணவ-மாணவிகள் ஒரே அரங்கில் உட்கார்ந்து கேட்பார்கள்.

முதலில் கை தூக்கச் சொல்வார். பிறகுதான் வேடிக்கை!

"ஒருத்தன் செத்து 3 பேர் பிழைத்தார்களே, என்ன தப்பு?" என்பது ஒரு கட்சி. "கொலை கொலைதான் சார்" என்பது எதிர்க்கட்சி. "சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தால்?" என்று மூன்றாவது கட்சி கிளம்பும். "பையனே சம்மதித்திருந்தால்?" என்று நாலாவது கட்சி. பேராசிரியர் தீர்ப்புச் சொல்லமாட்டார். ஒருவர் வாதத்தை இன்னொருவர் முன்னால் எடுத்துப் போடுவார். முதலில் தூக்கிய கையைப் பாதியில் இறக்கியவர்களும் உண்டு.

2009-ல் இந்த வகுப்பு டெலிவிஷனிலும் இண்டர்நெட்டிலும் வந்தது. காசு கொடுக்காமல் யாரும் பார்க்கலாம்.

கிண்டியில் படித்தவர்

2012-ல் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து "எடெக்ஸ்" என்ற இண்டர்நெட் கல்வி அமைப்பைத் தொடங்கின. அதன் முதல் தலைவர் அனந்த் அகர்வால். நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்! 2013-ல் சாண்டலின் பாடமும் அதில் சேர்ந்தது. எங்கோ இருக்கும் மாணவர் கம்ப்யூட்டரில் தன் கருத்தை எழுதலாம். வேறு ஊர்க்காரர் அதை மறுத்து எழுதலாம்.

நல்ல காரியம்தானே? அங்கேதான் வந்தது வினை.

பகிரங்கக் கடிதம்

கலிபோர்னியாவில் சான் ஓசே மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அரசாங்கப் பணத்தில் நடப்பது. அங்குள்ள தத்துவத் துறையிடம், "சாண்டலின் பாடத்தை உங்கள் வகுப்பில் பயன்படுத்துங்கள்" என்று கேட்டார்கள். ஆசிரியர்கள் "முடியாது" என்று மறுத்துவிட்டார்கள். 2013 ஏப்ரலில் சாண்டலுக்கே பகிரங்கக் கடிதமும் எழுதினார்கள்.

அவர்கள் சொன்னதன் சாரம் இது: "பணக்காரக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நேரில் வாத்தியார். எங்கள் பிள்ளைகளுக்கு வாத்தியாரின் படமா? ஹார்வர்டு மாணவர்கள் விவாதிப்பதை இவர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டுமா? நாளைக்கு எங்கள் துறையையே மூடிவிடுவார்களே!"

நீதி சொல்லிக்கொடுக்கும் பாடமே அநீதிக்கு வழி செய்கிறது என்கிறார்கள். எப்படி இருக்கிறது வழக்கு?

சாண்டல் கோபப்படவில்லை. பாடம் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பதே தன் எண்ணம் என்றார். மற்றக் கல்லூரி ஆசிரியர்களின் பிழைப்பைக் கெடுக்க அது பயன்படுவதைத் தான் விரும்பவில்லை என்றும் பதில் எழுதினார்.

திரையில் 60 முகங்கள்

2016-ல் பி.பி.சி. ரேடியோவுக்காக அவர் வேறு வழியில் வகுப்பு நடத்தினார். 30-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருந்து 60 பேர் ஒரே நேரத்தில் திரையில் வந்தார்கள். பிழைப்புத் தேடி வருகிறவனை ஒரு நாடு எல்லையில் தடுக்கலாமா என்பது கேள்வி. யாரும் சும்மா பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. ஒருவர் பேச, வேறு நாட்டுக்காரர் மறுத்துப் பேசினார்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் கேள்வியை லட்சம் பேரிடம் கொண்டுபோகும். ஆனால் "நீ சொல்வது தப்பு தம்பி, ஏன் தெரியுமா?" என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை ஏழைப் பிள்ளைக்கு மட்டும் இல்லாமல் செய்தால், அது எந்த ஊர் நியாயம்?

இன்று வீட்டுக்குப் போகும் ரயிலில் பக்கத்து சீட்காரரைக் கேட்டுப்பாருங்கள்: "அந்தப் பையனைக் கொன்றது சரியா சார்?"

இறங்க வேண்டிய ஸ்டேஷனை மட்டும் விட்டுவிடாதீர்கள்!