உங்களுக்குத் தெரியுமா? ரேடியேட்டர் கெட்டால் கியர்பாக்ஸும் கெடும்!

டார்க் கன்வர்ட்டர் வகை ஆட்டோமேடிக் கியர் கொண்ட கேரவன், வேன், கார் பலவற்றில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே தோல் பதனிடும் ஆலைகள் உள்ள ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ரேடியேட்டரில் எந்தத் தண்ணீரை ஊற்றுகிறோம் என்பது கியர்பாக்ஸின் ஆயுளையும் தொட்ட விஷயம். பச்சைத்தோல் அழுகாதிருக்கப் போடும் உப்பு, தோலை ஊறவைக்கும்போது கழிவுநீரில் கரைந்து வெளியேறுகிறது. இங்குள்ள தோல் ஆலைக் கழிவால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டதை 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் எழுதியது. உப்பிலுள்ள குளோரைடு ரேடியேட்டரின் அலுமினியத்தை அரிக்கும். கடின நீரின் சுண்ணப் படிவு வெப்பத்தை வெளியேற விடாது. குளிர்விக்கும் குழாய் அரித்து ஓட்டையானால் ஆயிலில் தண்ணீர் கலந்து கிளட்ச் தட்டுகள் பாழாகும்.

பழைய லாரிகள் கிணற்றுத் தண்ணீரில்தானே ஓடின என்று கேட்கலாம். ஓடின, ஆனால் அவற்றின் ரேடியேட்டர் செம்பு, பித்தளை, கியரோ கையால் போடுவது. (கிணறும் அன்று இப்படி இல்லை.) நடுவழியில் வேறு கதியில்லை என்றால், எஞ்சின் நன்றாக ஆறியபின் கிடைத்த நீரை ஊற்றலாம், ஊர் சேர்ந்ததும் அதை வடித்துவிட்டு, வண்டிக்குரிய கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து நிரப்ப வேண்டும். மலைப்பாதையும் கியர்பாக்ஸுக்குச் சோதனைதான்: பக்கத்து ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதும் இறங்கும்போதும் தாழ்ந்த கியரிலேயே வையுங்கள். நியூட்ரலில் மட்டும் இறங்காதீர்கள்.