போர்க்களத்தைத் தேடும் தன்னார்வலர்கள்

மாணவர்களே, நம் கெடாவின் பழைய தமிழ்ப் பெயர் கடாரம் என்பது உங்களுக்குத் தெரியும். 1025ஆம் ஆண்டு முதலாம் இராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது. அதன் மன்னர் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் சிறைபிடிக்கப்பட்டதாகத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கூறுகிறது. ஆனால், அந்தப் போர் நடந்த இடம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

போர்க்களத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கே கோட்டையோ கோயிலோ இருக்காது. சில மணி நேரச் சண்டையில் சிதறிய சிறு பொருள்களே எஞ்சும்.

இங்கிலாந்தில் மன்னர் மூன்றாம் ரிச்சர்டு 1485இல் போஸ்வொர்த் போரில் மாண்டார். போர் ஒரு குன்றின்மேல் நடந்தது என்றே நெடுங்காலம் நம்பினர். 2005இல் ஆய்வாளர்கள் புதிய தேடலைத் தொடங்கினர். உலோகங்காட்டும் கருவியைப் பயன்படுத்தத் தெரிந்த உள்ளூர்த் தன்னார்வலர்களும் அதில் சேர்ந்தனர். வயல்களில் வரிசை பிடித்து நடந்தனர். கருவி ஒலித்த இடத்தில் கிடைத்த ஒவ்வொரு பொருளையும் தனிப் பையில் இட்டு, கிடைத்த இடத்தைத் துல்லியமாகக் குறித்தனர். முப்பதுக்கும் மேற்பட்ட ஈயக் குண்டுகளும், ரிச்சர்டின் சின்னமான சிறிய வெள்ளிக் காட்டுப்பன்றியும் கிடைத்தன. அந்தப் புள்ளிகளை வரைபடத்தில் வைத்தபோது, உண்மையான போர்க்களம் குன்றிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி இருந்தது தெரிந்தது.

ஒரு குண்டை மட்டும் எடுத்து வீட்டு அலமாரியில் வைத்திருந்தால் அது வெறும் ஈய உருண்டை. கிடைத்த இடத்தோடு சேரும்போதுதான் அது சான்றாகிறது.

கெடாவில் இந்தத் தேடல் இன்னும் கடினம். 1025இல் பீரங்கி இல்லை, அம்பும் வேலும்தான். ஈரமான மண்ணில் இரும்பு துருப்பிடித்து அழியும். சுங்கை பத்துவில் பழங்கால இரும்பு உருக்கு உலைகள் இருந்தன. அங்கே இரும்புக் கசடு மண்ணில் நிறைந்திருப்பதால் கருவி எதற்கெடுத்தாலும் ஒலிக்கும். ஆற்றுவண்டல் படிந்து கடற்கரையும் இடம் மாறிவிட்டது.

அப்படியானால் பொதுமக்களால் என்ன பயன்? 2013 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி, அதாவது பழங்கோயிலின் எச்சம், நில மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டிருந்தது. அதை வெளி உலகுக்குச் சொன்னவர்கள் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள். அதன் பிறகே நாடு முழுவதும் கேள்வி எழுந்தது. ஆனால், கலைந்த செங்கற்களை மீண்டும் அடுக்கினாலும், அவை இருந்த மண்ணடுக்கு சொல்லியிருக்கக்கூடிய செய்தி திரும்பாது.

தோட்டத்தில் கால்வாய் வெட்டும்போதோ ஆற்றங்கரை சரியும்போதோ பழைய செங்கல், பானை ஓடு, மணி ஏதேனும் கண்ணில் பட்டால் தோண்டாதீர்கள், கழுவாதீர்கள், வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். இடத்தையும் தேதியையும் எழுதுங்கள். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லி, மாவட்ட அலுவலகத்துக்கோ மெர்போக் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கோ தெரிவியுங்கள். கண்டெடுத்தவர் அதிகாரிகளிடம் அறிவிக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டமும் சொல்கிறது.

கடாரத்துப் போர்க்களம் ஒருநாள் கிடைக்குமானால், அதன் முதல் தடயம் இங்கே நடமாடும் ஒருவர் கண்ணில்தான் முதலில் படக்கூடும். அது நீங்களாகவும் இருக்கலாம்.